கண் களைத்த காலத்தில் செய்யத்தக்கவை

வைகாசி மாதத்து முகூர்த்தம் ஒன்றில், கும்பகோணத்துக் கல்யாண மண்டபத்தில், கெட்டிமேளம் முழங்க, அட்சதை பறக்க, மாப்பிள்ளையின் கைகள் மணப்பெண்ணின் கழுத்தை நெருங்கிய அந்த க்ஷணத்தில், பதினேழு வருஷமாக எத்தனையோ தடவை அழுத்திய பொத்தானை அன்றும் வழக்கம்போல் அழுத்தினேன். ஆனால் அழுத்திய விரலுக்கும் எனக்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை என்பதுபோன்ற ஒரு பிரமை அன்றுதான் முதன்முதலாக என்னைப் பற்றியது. படங்களில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளிச்சம் சரியாக விழுந்திருந்தது. தாலி துலக்கமாகத் தெரிந்தது. மூன்று வாரம் கழித்து, ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க மகளோடு ஸ்டுடியோவுக்கு வந்த தாயார், திரையில் ஓடிய படங்கள் அனைத்தையும் பொறுமையாகப் பார்த்து முடித்துவிட்டு, "தம்பி, தாலி கட்டுறப்ப இவ அப்பா தூணோரமா நின்னு துண்டால வாயை மூடிக்கிட்டு அழுதாரே, அது விழுந்திருக்கா?" என்று கேட்டார்.

விழவில்லை. நான் அவரைப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு, அந்த வருஷத்தில் அதுவரை எடுத்திருந்த இருபது கல்யாணங்களின் படங்களையும் வரிசையாகத் திறந்து பார்த்தபோது, இருபது மேடைகளிலும் நான் நின்ற இடம் ஒன்றாகவும், காமிராவைப் பிடித்த உயரம் ஒன்றாகவும், தாலி கட்டும் வேளையில் அடித்த படங்களின் எண்ணிக்கைகூட ஏறக்குறைய ஒன்றாகவும் இருக்கக் கண்டேன். மனிதர்கள் மாறியிருந்தார்கள்; பார்வை மாறவில்லை. சுயதொழிலாகப் படம் எடுத்து ஜீவிக்கிற நமக்கு வருகிற களைப்பு வேலையின் மிகுதியால் மட்டும் வருவதன்று, நெடுங்காலம் பிறர் கண்ணால் பார்த்துப் பார்த்து நம் கண்ணை உபயோகிக்காமல் விட்டதனாலும் வருவது என்ற எண்ணம் அன்று எனக்கு உண்டாயிற்று. அந்த எண்ணத்தின்மேல் நின்றுதான் இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். ஆயினும், கண்ணுக்குச் செய்யவேண்டிய சிகிச்சையை முதலில் தொடங்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். உடம்புக்குத் தூக்கம், கணக்குக்கு ஒழுங்கு, அதற்குப் பின்னரே கலை; இந்தக் கிரமத்தை மாற்றியதால் நான் ஒரு வருஷத்தை வீணாக்கினேன்.

இந்த நிலைக்கு உளவியலார் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். எரிந்து ஓய்தல் என்று அதைத் தமிழில் சொல்லலாம். நியூயார்க்கில் இலவச மருத்துவ விடுதி ஒன்றில் தொண்டு செய்தவர்களிடத்திலும் தம்மிடத்திலும் கண்ட சோர்வை ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்னும் உளவியலறிஞர் 1974-ல் விவரித்து எழுதினார். பின்னர் கலிபோர்னியாவைச் சேர்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக் அதை அளக்கும் முறையை வகுத்தார். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் ஏற்றுக்கொண்ட நோய்ப் பகுப்பின் பதினோராம் பதிப்பு, இதை ஒரு வியாதி என்று சொல்லாமல், தொழிலைச் சார்ந்து தோன்றும் ஒரு நிலை என்றே வைத்து, அதற்கு மூன்று அடையாளம் காட்டுகிறது: சக்தி வறண்டு போதல், செய்யும் தொழிலிடத்தில் வெறுப்போ விலகலோ தோன்றுதல், செய்கிற காரியத்தில் திறம் குன்றுதல். நம் தொழிலில் மூன்றாவது அடையாளம்தான் ஏமாற்றக்கூடியது. பழக்கமுள்ள கை தானாகவே வேலை செய்துவிடும். வாடிக்கையாளர் திருப்தியோடு பணம் கொடுத்துவிட்டுப் போவார். திறம் குன்றியது யாருக்கும் தெரியாது, அழுத தகப்பனாரைத் தேடிக்கொண்டு ஒரு தாயார் வரும்வரையில்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வேலையை நினைத்தால் மட்டும் வருகிற வெறுப்பு வேறு. வேலையில்லாத நாளிலும், பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும்போதும், பிடித்த சாப்பாட்டுக்கு முன்னாலும் நீங்காமல் இரண்டு வாரத்துக்கு மேல் நிற்கிற இருள் வேறு. பின்னது மனச்சோர்வு என்னும் நோயாக இருக்கலாம். அதற்கு இந்தப் புத்தகம் மருந்தாகாது, மருத்துவரிடம் போகவேண்டும். மத்திய அரசின் டெலிமானஸ் உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே பேசலாம்; கட்டணம் இல்லை. வெறும் களைப்பு என்று தோன்றினாலும், ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றை ஒருமுறை பரிசோதித்துவிடுவது நல்லது. கலை வறட்சி என்று நாம் பெயர் சூட்டிப் பெருமூச்சு விடுவது சில சமயம் ரத்தசோகையாகவும் இருக்கும்.

உத்தியோகஸ்தனுக்கு விடுமுறை கொடுக்க ஒரு மேலதிகாரி உண்டு, நமக்கு இல்லை. மறுப்பதற்கும் ஆள் இல்லை, கொடுப்பதற்கும் ஆள் இல்லை என்ற இந்த நிலையில், சுதந்திரம் என்று எண்ணித் தொழிலுக்கு வந்தவன், எந்த எஜமானனும் தன் வேலையாளிடம் கேட்கத் துணியாத உழைப்பைத் தன்னிடம் தானே கேட்டு வாங்கிக்கொண்டிருக்கிறான். முன்னிரவில் ரிசப்ஷன், விடியற்காலை நாலரைக்கும் ஆறுக்கும் நடுவே முகூர்த்தம், அன்று மாலையே மறுவீட்டு அழைப்பு என்று ஓடும் மாதங்களில் தூக்கம் என்பது மண்டபத்து நாற்காலியில் காமிராப் பையை மடியில் வைத்துக்கொண்டு போடுகிற அரைமணிக் கண்ணயர்வாகவே சுருங்கிவிடுகிறது. ஆயினும் நம் பஞ்சாங்கம் நமக்கு ஓர் உபகாரம் செய்திருக்கிறது. ஆடியிலும் மார்கழியிலும் நம்மவரில் பெரும்பாலோர் கல்யாணம் வைப்பதில்லை. புரட்டாசியிலும் பல குடும்பங்கள் வைப்பதில்லை. நான் தொழில் கற்ற காலத்தில் ஆடி மாதம் என்றால் ஸ்டுடியோக்காரர்கள் காமிராவைப் பழுது பார்க்கக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய்விடுவார்கள். இப்போது அந்த இடைவெளியிலும் காதுகுத்து, பிறந்தநாள், ஆவணிக் கல்யாணத்துக்கு முன்கூட்டிய அவுட்டோர் ஷூட் என்று ஏதாவது ஒன்றைக் கொண்டுவந்து திணித்துக்கொள்கிறோம். ஆடி முதல் பத்து நாளும் மார்கழி முதல் பத்து நாளும் எந்த ஆர்டரும் இல்லை என்று வருஷத் தொடக்கத்திலேயே புக்கிங் டயரியில் எழுதிவிடுவதே நான் சொல்லும் முதல் காரியம். அந்த நாட்களில் யாராவது கேட்டால், "அன்னைக்கு ஏற்கெனவே ஒரு வேலை ஒத்துக்கிட்டேங்க" என்று சொல்லலாம். அது பொய்யன்று.

பத்து நாள் ஓய்வு எடுத்தும் களைப்பு தீரவில்லை என்று சொல்லும் நண்பர்கள் பலர். அவர்கள் மண்டபத்துக்குப் போகவில்லையே தவிர, முடிக்காத ஆல்பங்கள் அவர்கள் தலைமாட்டிலேயே இருந்தன. நம் தொழிலில் படம் எடுப்பது சிறு பங்கு; எடுத்தபின் வருவதுதான் பெரும் பங்கு. ஒரு கல்யாணத்தில் மூவாயிரம் நாலாயிரம் படங்கள் சேர்ந்துவிடுகின்றன. அவற்றைப் பொறுக்கி, நிறம் திருத்தி, ஆல்பம் வடிவமைத்து, அச்சுக்கு அனுப்பி, வீட்டாரிடம் ஒப்படைப்பதற்குள் அடுத்த நான்கு கல்யாணம் வந்து நிற்கிறது. கைபேசியில் ஒரு பெயர் தோன்றியதும் எடுக்காமல் கவிழ்த்துவைக்கிற பழக்கம் வந்துவிட்டதா என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். அந்தப் பழக்கம் வந்துவிட்டது என்றால், உங்களைத் தின்பது கலைப்பஞ்சம் அன்று, பாக்கி. ஒரு முழுத்தாளை எடுத்து, பாக்கியிருக்கும் ஒவ்வொரு ஆல்பத்தையும், என்றைக்குத் தருவதாகச் சொன்னோம், இன்னும் என்ன வேலை மிச்சம் என்பவற்றோடு எழுதுங்கள். பிறகு, அவர்கள் அழைக்கும்வரை காத்திராமல் நீங்களே ஒவ்வொருவரையும் அழைத்து, "அக்கா, தாமதமாயிடுச்சு, தப்பு என்னுதுதான்; வர்ற பதினெட்டாந்தேதி உங்க வீட்டுக்கே கொண்டு வந்து தர்றேன்" என்று ஒரு தேதியைச் சொல்லுங்கள். சொல்கிற தேதி, உங்களுக்குச் சாத்தியம் என்று தோன்றுகிற தேதியைவிட ஒரு வாரம் தள்ளியே இருக்கட்டும். நான் ஒரே பிற்பகலில் ஒன்பது பேரை அழைத்தேன். ஒருவர் கோபித்தார், எட்டுப் பேர் சரி என்றார்கள். ஆறு மாதமாக வராத தூக்கம் அன்று இரவு வந்தது.

கணக்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். கலையைப் பற்றிப் பேசும் நூல்கள் இதைத் தொடக் கூச்சப்படுகின்றன. நம்மில் பலர் விழுந்து கிடக்கும் குழி இது: புதிய கல்யாணத்துக்கு வாங்கிய அட்வான்ஸை எடுத்துப் பழைய கல்யாணத்தின் ஆல்பத்துக்கு அச்சுக்கூலி கொடுப்பது. பழைய அட்வான்ஸ் எப்போதோ லென்ஸ் தவணைக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் போய்விட்டது. ஆகையால் பழைய வேலையை முடிப்பதற்காகவே புதிய வேலையை ஒப்புக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தம். இந்தச் சக்கரம் சுழலும்வரை யாராலும் ஓய்வெடுக்க முடியாது. இதை நிறுத்த, தனியாக ஒரு வங்கிக் கணக்குத் தொடங்கி, வருகிற ஒவ்வொரு அட்வான்ஸிலும் ஆல்பத்துக்கும் உதவியாளர் கூலிக்கும் ஆகும் தொகையை அன்றைக்கே அதில் போட்டு, அந்த ஆல்பத்தை ஒப்படைக்கும்வரை தொடாமல் இருக்கவேண்டும். தொடக்கத்தில் இரண்டு மூன்று மாதம் கை இறுகும். அதற்குப் பின் இறுகாது.

இன்னொரு கணக்கும் உண்டு. உதாரணமாக ஒரு கல்யாணத்துக்கு ரூ. 75,000 வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஆல்பத்துக்கு 18,000, உதவி போட்டோகிராபருக்கும் லைட் பிடிப்பவருக்கும் 14,000, வண்டிச் செலவும் சாமான்களின் தேய்மானமும் 5,000 போக, நிற்பது 38,000. கல்யாணம் இரண்டு நாள்தான். ஆனால் பொறுக்குவதும் திருத்துவதும் வடிவமைப்பதுமாகப் பத்து நாள் கழிகிறது. ஆகப் பன்னிரண்டு நாளைக்கு 38,000, அதாவது நாளொன்றுக்கு மூவாயிரத்துச் சொச்சம். இதில் ஆறு நாள் வேலையை ரூ. 8,000 கொடுத்து இன்னொருவரிடம் விட்டால், நமக்கு மிஞ்சுவது ஆறு நாளைக்கு 30,000, நாளொன்றுக்கு ஐயாயிரம். எட்டாயிரம் நஷ்டம் என்று எண்ணி இரவெல்லாம் விழித்தவர்கள், விற்றது தங்கள் உறக்கத்தை என்பதை அறியவில்லை. இப்படி மிஞ்சும் ஆறு நாளில் இன்னொரு கல்யாணத்தை ஒப்புக்கொண்டுவிட்டால் இந்தக் கணக்கு முழுவதும் வியர்த்தம். வீட்டுச் செலவு, ஸ்டுடியோ வாடகை, தவணை எல்லாவற்றையும் ஒரு வருஷத்துக்குக் கூட்டி, ஒரு கல்யாணத்தில் மிஞ்சும் தொகையால் வகுத்தால், நமக்கு எத்தனை கல்யாணம் வேண்டும் என்பது தெரிந்துவிடும். எனக்கு வந்த விடை 24. அந்த வருஷம் நான் ஒப்புக்கொண்டிருந்தவை 41.

இவ்வளவும் செய்தபின், காமிராவை உள்ளே வையுங்கள். சலிப்புத் தோன்றியவுடன் புதிய லென்ஸோ புதிய காமிராவோ வாங்கி அதன் உற்சாகத்தில் மீண்டுவிடலாம் என்று எண்ணுவது நம் இனத்தாருக்கே உரிய மயக்கம். நானும் அந்த மயக்கத்தில் ஒரு லென்ஸ் வாங்கினேன். உற்சாகம் மூன்று வாரமும் தவணை பதினெட்டு மாதமும் நீடித்தன. உள்ளே வைக்கும்போது பாட்டரியைக் கழற்றி, காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். காவிரிக்கரை ஈரத்தில் மூடியே கிடக்கும் லென்ஸில் பூசணம் படர்ந்துவிடும். வாரம் ஒருமுறை எடுத்துத் துடைத்து, சற்று நேரம் வெளிச்சத்தில் வைத்துவிட்டு மறுபடி மூடலாம். அத்துடன், கைபேசியில் பிறர் எடுத்த படங்களைப் பார்ப்பதையும் அந்த நாட்களில் அறவே விடவேண்டும். காமிராவை விடுவதைக் காட்டிலும் இது கடினம். ஆனால், மாப்பிள்ளைப் பையன்கள் கைபேசியை நீட்டி, "அண்ணே, இதே மாதிரி ஒண்ணு வேணும்" என்று கேட்கத் தொடங்கிய காலத்திலிருந்துதான் நம் கண் நம்மை விட்டுப் பிரியத் தொடங்கியது என்பதால், இந்த விரதத்துக்கு விலக்கு எதுவும் நான் தரமாட்டேன்.

காமிரா இல்லாத அந்த நாட்களில் காலையிலும் மாலையிலும் ஒரே தெருவில், ஒரே நேரத்தில் நடந்தால் போதும். நான் மகாமகக் குளத்தைச் சுற்றி நடந்தேன். முதல் நான்கு நாள் எதையும் பார்க்கவில்லை; பாக்கிகளை நினைத்துக்கொண்டே நடந்தேன். ஐந்தாம் நாள், படிக்கட்டில் ஒரு கிழவி விரித்திருந்த ஈரப்புடவையின் வழியாகச் சூரிய வெளிச்சம் கல்லில் சிவப்பாகப் படிந்திருப்பதைக் கண்டு நின்றேன். நின்றேன் என்பதுதான் செய்தி, எடுக்கவில்லை. எடுக்கவேண்டும் என்ற ஆசை தானாக எழுந்து, அதை இரண்டொரு நாள் அடக்கிவைத்த பிறகு காமிராவை எடுப்பதே உசிதம்.

திரும்பி வருகிறவனின் முதல் படம் எத்தகையதாக இருக்கவேண்டும் என்பதற்கு, அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் யூஜீன் ஸ்மித்தின் வாழ்க்கையில் நடந்த ஒரு சம்பவத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. யுத்தப் படங்கள் எடுக்கச் சென்ற அவர், 1945 மே மாதத்தில் ஓகினாவாத் தீவில் குண்டுச் சிதறல் பாய்ந்து கையிலும் முகத்திலும் படுகாயமடைந்தார். அறுவை சிகிச்சைகளும் வலியுமாக மாதங்கள் பல கழிந்தன. மறுபடி காமிராவைப் பிடிக்க முடியுமா என்பதே சந்தேகமாக இருந்தது. 1946-ல் ஒரு நாள், யுத்தத்துக்கு நேர்மாறான ஒரு படமாக இருக்கவேண்டும் என்ற ஒரே தீர்மானத்தோடு, பிலிமைக்கூடச் சிரமப்பட்டே பொருத்திக்கொண்டு, தம் மகனும் மகளும் மரங்களின் நிழலிலிருந்து வெளிச்சத்துக்குள் கைகோத்து நடந்து போவதைப் பின்னாலிருந்து எடுத்தார். யாரும் பணம் கொடுத்துக் கேட்ட படம் அன்று அது. 1955-ல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் எட்வர்ட் ஸ்டைக்கன் அமைத்த 'மனிதக் குடும்பம்' என்னும் பெரிய கண்காட்சியின் கடைசிப் படமாக அது வைக்கப்பட்டது. புகழ் பிறகு வந்தது, அதை விட்டுவிடுவோம். மீண்டு வந்த கலைஞன் முதலில் திரும்பிப் பார்த்தது தன் வீட்டுப் பிள்ளைகளை என்பதையே நான் வாசகர்களுக்குக் காட்ட விரும்புகிறேன். ஊரார் வீட்டுக் குழந்தைகளை ஆயிரக்கணக்கில் எடுத்த நம்மில் எத்தனை பேர் வீட்டில் நம் பிள்ளைகளின் படம் கைபேசியில் மட்டுமே கிடக்கிறது!

எடுக்கத் தொடங்கும்போது அளவு வேண்டும். பழைய ஸ்டுடியோக்களில் புழங்கிய யாஷிகா, ரோலிஃபிளெக்ஸ் பெட்டிக் காமிராக்களில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். அந்தப் பன்னிரண்டையே வாரத்துக்கு உரிய அளவாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு லென்ஸ், 50 மில்லிமீட்டராயினும் சரி, 35 ஆயினும் சரி. காமிராவின் பின்புறத் திரையின்மேல் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். ஏழாம் நாள்தான் கணினியில் ஏற்றிப் பார்க்கவேண்டும். எடுக்கும் பொருள் நடந்தோ சைக்கிளிலோ போகக்கூடிய தூரத்தில் இருக்கட்டும். திரும்பத் திரும்பப் போக முடிவதாக இருக்கட்டும். எவரும் காசு கொடுத்துக் கேட்கமாட்டாத ஒன்றாக இருக்கட்டும். தாராசுரத்துக் கோயில் நாலு கிலோமீட்டரில் இருக்கிறதே என்று நானும் முதலில் அங்கேதான் போனேன். இரண்டாம் இராஜராஜனின் சிற்பிகள் தூண்தோறும் செதுக்கிவைத்த அற்புதங்களுக்கு முன்னால் என் கண் சோம்பிப் போயிற்று. அவர்கள் பார்த்துவைத்ததை நான் நகல் எடுத்தேன், அவ்வளவே. அழகாக முடிந்துவிட்ட பொருள், களைத்த கண்ணுக்கு நல்லதன்று.

பிறகு சித்தப்பாவின் வெற்றிலைக் கொடிக்காலுக்குப் போனேன். தாம்பூலத் தட்டில் வெற்றிலையை எத்தனை நூறு முறை படம் எடுத்திருப்பேன்! அது வளரும் இடத்தில் ஒரு காலை நேரம்கூட நான் நின்றதில்லை. அகத்தி மரங்களில் கொடிகளை ஏற்றிக் கட்டியிருப்பதால் அதற்குள் வருகிற வெயில், அகத்தியின் சின்னச் சின்ன இலைகளில் சலித்து, வெற்றிலையில் பட்டு, பச்சையாகவே தரையில் இறங்குகிறது. அந்தப் பச்சையில் மனித முகம் என்ன நிறமாகும் என்பது எனக்குத் தெரியாது. என் பதினேழு வருஷத்து ஞானம் அங்கே செல்லவில்லை. கொடி கட்டிக்கொண்டிருந்த சித்தப்பா, "என்னடா, பொண்ணு மாப்பிள்ளை இல்லாம காமிராவைத் தூக்கிட்டு வந்திருக்கே?" என்றார். முதல் வாரத்துப் பன்னிரண்டும் பழுது. மூன்றாம் வாரத்தில், கொடியைக் கோரையால் முடிச்சிடுகிற அவருடைய கட்டைவிரல் மட்டும் ஒரு படத்தில் நன்றாக விழுந்தது. அதை 4×6 அளவில் அச்சிட்டு ஸ்டுடியோச் சுவரில் ஒட்டினேன். வாரம் இரண்டு படம் அச்சிடுங்கள், சுவரில் ஒட்டுங்கள், எங்கும் வெளியிடாதீர்கள். பாராட்டு வந்துவிட்டால் அந்தப் படமும் பிறர் கண்ணுக்குச் சொந்தமாகிவிடும்.

தொழிலை விட்டால்தான் கலை பிழைக்கும் என்று ஒரு கட்சி உண்டு. எனக்கு அது சம்மதமன்று. எட்வர்ட் வெஸ்டன் 1911-ல் லாஸ் ஏஞ்சலீஸுக்கு அருகே டிரோபிகோ என்ற ஊரில் ஸ்டுடியோ வைத்து, வந்தவர்களின் முகச் சுருக்கங்களை நெகட்டிவில் பென்சிலால் மறைத்து மறைத்து வெறுத்துப்போனவர். 1923-ல் மெக்ஸிகோவுக்குக் கப்பலேறினார். ஆனால் அங்கேயும், திரும்பி வந்து கார்மெல் ஊரில் குடியேறிய பிறகும், அவருக்குச் சோறு போட்டது அதே முகப்படத் தொழில்தான். தொழிலோடு கூடவே, தமக்கென்று ஒரு நேரத்தையும் ஒரு பொருளையும் அவர் வைத்துக்கொண்டார். 1930-ல் ஒரு தகரப் புனலுக்குள் குடமிளகாய் ஒன்றை வைத்து அவர் எடுத்த படம் இன்றைக்கும் உலகெங்கும் பேசப்படுகிறது. சாதாரணமான மிளகாய்தான் அது. ஹங்கேரியில் பிறந்து நியூயார்க்கில் வாழ்ந்த ஆந்திரே கெர்தெஸோ, வீட்டு அலங்காரப் பத்திரிகை ஒன்றுக்கு ஆண்டுக்கணக்கில் மனமில்லாமல் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்திலேயே, தம் அடுக்குமாடி வீட்டின் பால்கனியிலிருந்து கீழே தெரிந்த வாஷிங்டன் சதுக்கத்தை, பனி மூடிய 1954-ஆம் வருஷக் குளிர்காலத்தில் எடுத்துவைத்தார். மெக்ஸிகோ போக நம்மால் முடியாது, மொட்டைமாடிக்குப் போகலாம்.

மறுபடி கல்யாண மண்டபத்துக்குள் நுழையும்போது, உதவியாளரை நம் பழைய இடத்தில் நிறுத்திவிட்டு நாம் வேறு இடத்துக்குப் போய்விடவேண்டும். தாலி, மாலை, கும்பிடு என்று சம்பிரதாயமாக எடுக்கவேண்டியவற்றை அவர் எடுத்துக்கொள்வார். தாலி கட்டும் அந்த அரை நிமிஷத்தில் நாம் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தைப் பார்க்கலாம். முதல் தடவை இது பெருங்குற்றம் செய்வதுபோல் நெஞ்சை அடைத்தது. வீட்டாரிடம் முன்கூட்டியே, "அம்மா, உங்களுக்கு வேண்டியது எல்லாம் வந்துடும், அதோட நானா பாத்து எடுக்கிறது கொஞ்சம் இருக்கும்" என்று சொல்லிவைத்தேன். மாப்பிள்ளைப் பையன்கள் நீட்டும் கைபேசிப் படத்தையும் நான் மறுப்பதில்லை. "தம்பி, இது ஒண்ணு எடுத்துடுவோம்; அதுக்குப் பதிலா உங்க ஆயாவோட நீங்க உட்கார்ந்து பேசுறதை நான் எடுத்துக்கிறேன்" என்று ஒரு பேரம் பேசுகிறேன். ஒப்புக்கொள்ளாதவர் இதுவரை இல்லை.

எல்லாம் செய்தும் மண்டபத்து வாசலில் கால் தயங்குகிறது என்றால், தவறு உங்களிடத்தில் இல்லாமல், எடுக்கும் பொருளிடத்தில் இருக்கலாம். பிரிட்டிஷ் படக்காரரான ஜார்ஜ் ராஜர், 1945 ஏப்ரலில் பெர்கன்-பெல்சன் வதைமுகாமுக்குள் போய்ப் படம் எடுக்கும்போது, தரையில் கிடந்த பிணங்களை அழகான அமைப்பாகத் தம் கண் ஒழுங்குபடுத்திக்கொண்டிருப்பதை உணர்ந்து திடுக்கிட்டு, இனி யுத்தப் படமே எடுப்பதில்லை என்று தீர்மானித்தார். காமிராவை அவர் விடவில்லை, ஆப்பிரிக்காவுக்குப் போனார், 1949-ல் சூடானின் நூபா மக்களிடையே எடுத்த படங்கள் அவர் பெயரை நிலைநாட்டின. கல்யாணத்தை விட்டுக் கட்டடமோ, நகைக்கடைச் சாமான்களோ, பள்ளிக்கூட விழாக்களோ எடுக்கப் போகிறவர் தோற்றவர் அல்லர். வரும்படி குறையுமே என்ற பயத்துக்கு, முன்னே சொன்ன வருஷக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

எனக்கு இந்த மாற்றம் முழுமையாக வருவதற்கு இரண்டு ஆடியும் ஒரு மார்கழியும் பிடித்தன. அந்தத் தாயாரின் இளைய மகள் கல்யாணத்துக்கும் என்னையே கூப்பிட்டார்கள். அன்று நான் மேடையில் நிற்கவில்லை. தூணுக்கு எதிர்ப்புறத்தில் நின்றேன். பெண்ணின் அப்பா இந்தத் தடவை அழவில்லை. வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டு பேரனைத் தோளில் தூக்கிக் காட்டினார். அந்தப் படம் அவர்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. இதைப் படிக்கிற நண்பரே, இந்தப் பக்கத்தை மூடுமுன் உங்கள் புக்கிங் டயரியைத் திறந்து, வருகிற ஆடி முதல் பத்து நாளையும் பேனாவால் கோடிட்டுவிடுங்கள், பென்சில் வேண்டாம்.